கிச்சன் ட்ராயர் சேனலை லோடு வண்டியில் மாட்டிவிட்டார்கள்: டூல் ரேக் போடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோத்தகிரி மலை ஏறி, ஒரு கோல்டு ரூம் வாசலில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். மேல் ட்ராயர் தானாக வெளியே வந்து, அதிலிருந்த வேக்வம் பம்ப் (ஏசி பைப்பிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது) என் இடது காலில் விழுந்தது. ஷூ இருந்ததால் காயம் கட்டைவிரல் நகத்தோடு நின்றது. பம்ப்பில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி உடைந்து ஆயில் முழுக்கத் தரையில். வேலையைத் தொடாமலே கீழே இறங்கினேன்.

ரேக் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கொடுத்தது 62,000 ரூபாய்.

கோயம்புத்தூரில் ஏசி, கோல்டு ரூம் வேலை பார்க்கிறேன். வண்டி சின்ன யானை, மூடின பாடி. இத்தனை வருஷம் சாக்கிலும் பெயின்ட் பக்கெட்டிலும் சாமான் போட்டு ஓட்டினவன், 'சர்வீஸ் வண்டிக்கு மாடுலர் ஸ்டோரேஜ்' என்று ஒருவர் போட்டிருந்த வீடியோவைப் பார்த்து மயங்கினேன். இரண்டு பக்கமும் ரேக், பின்கதவைப் பார்த்து ஆறு ட்ராயர், மேலே ஒன்றோடொன்று கிளிப் ஆகும் பெட்டிகள். கடையில் பார்த்தபோது விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு போனது ட்ராயர். வழுக்கியதே அதன் குற்றம் என்று அப்போது உறைக்கவில்லை.

"ஒரு ட்ராயர் 45 கிலோ தாங்குமுங்ண்ணா" என்றார் ரேக் அடித்துக் கொடுத்தவர். அதில் பொய் கிடையாது. அவர் போட்டது வீட்டுக் கிச்சனில் கரண்டி வைக்கும் ட்ராயருக்குப் போடுகிற சாதாரண டெலஸ்கோபிக் சேனல், அதாவது ட்ராயர் வழுக்கி ஓடும் இரும்புத் தண்டவாளம். 45 கிலோ என்பது ஒரு ஜோடிக்கு, அதுவும் அசையாத சுவரில் நிற்கும் அலமாரிக்குச் சொன்ன கணக்கு. வண்டி ஸ்பீடு பிரேக்கரில் ஏறி விழும்போது உள்ளே இருக்கிற 25 கிலோ சாமான் 25 கிலோவாகவா இடிக்கும்? அதைவிட முக்கியம், மூடின நிலையில் அந்தச் சேனலைப் பிடித்து வைப்பது முனையில் இருக்கும் ஒரு துளி ரப்பர்தான். மலை ஏறும்போது வண்டி பின்னால் சாயும். ஆறு ட்ராயரும் கதவில் போய்ச் சாய்ந்துகொண்டு, நான் திறப்பதற்காகக் காத்திருந்திருக்கின்றன. வண்டிக்கென்றே லாக் வைத்த சேனல் இருக்கிறது: மூடினாலும் பூட்டும், முழுக்க இழுத்தாலும் பூட்டும், லீவரை அமுக்கினால்தான் அசையும். விலை ஜாஸ்தி. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அவருக்குத் தெரியும்.

அடுத்தது தகடு. பேசினது 1.2 மி.மீ., அதாவது 18 கேஜ். கையில் கொடுத்த சாம்பிள் துண்டு சரியாகவே இருந்தது. கோத்தகிரி கதைக்குப் பிறகு ரேக்கின் ஓரத்தில் மைக்ரோமீட்டர் வைத்தேன்: 0.95. பவுடர் கோட்டிங்கைச் சுரண்டிவிட்டு வைத்தேன்: 0.8. இரண்டு பக்கக் கோட்டிங்கே 0.15 ஏற்றிக் காட்டுகிறது. காப்பர் பைப் வாங்கும்போது கடைக்காரரை நம்பாமல் சுவர் தடிமனை அளந்து வாங்குகிறவன் நான். சொந்த ரேக்கை மூன்று மாதம் கழித்து அளக்கிறேன், நல்ல லட்சணம். 1.2 தகடு ஒரு சதுர மீட்டர் 9.4 கிலோ வரும், 0.8 தகடு 6.3 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு இரும்பு அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. கேட்டதற்கு, "கனமாப் போட்டா மைலேஜ் போயிருமுங்ண்ணா, உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

ரேக்கைப் பாடியோடு பிடித்தது வெறும் செல்ஃப் ஸ்க்ரூ. குறுக்குச் சட்டத்தில் போல்ட், நட்டு, வாஷர் போட வேண்டிய இடம். ஐப்பசி மழையில் அந்த ஓட்டைகள் வழியே தண்ணீர் வந்து, கேஸ் பிரஷர் பார்க்கும் மீட்டர் பெட்டி நனைந்தது தனிக்கதை.

'மாடுலர்' சங்கதிக்கு வருகிறேன். கூட இரண்டு பெட்டி வாங்கப் போனால், "அந்த மாடல் நின்னுபோச்சுங்க" என்கிறார். புதுப் பெட்டியின் கிளிப் பழையதில் உட்காரவில்லை, அடியும் அரை இன்ச் அகலம் அதிகம். நண்பன் வைத்திருக்கும் பாஷ் கம்பெனியின் எல்-பாக்ஸ் டூல் பெட்டிகளைப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிந்தது. 102, 136, 238, 374 என்று மாடலுக்கு மாடல் உயரம்தான் மாறும், அடி அளவு எல்லாவற்றுக்கும் 442-க்கு 357 மி.மீ. எதை எதன்மேல் வேண்டுமானாலும் அடுக்கலாம். அதற்காக மில்வாக்கி கம்பெனியின் பேக்அவுட் பெட்டியை அதன்மேல் பூட்ட முடியாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் பூட்டு வேறு. பெட்டியை முதலில் முடிவு செய்துவிட்டு அந்த அளவுக்கு ரேக் அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

பணம் திருப்பிக் கேட்டேன். "பில் இருக்குங்களா?" என்றார். இல்லை. "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி தனியா வருமுங்ண்ணா" என்று அவர் சொன்னபோது தலையாட்டினவன் நான்தான். கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டும், ஜிபே ரசீதும், '18 கேஜ்' என்று அவரே டைப் செய்த வாட்ஸ்அப்பும். அந்த மெசேஜை அவர் அழிப்பதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

"தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாதுங்ண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இதை நம்பி எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலில் பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது என்று விளக்கமே இருக்கிறது. என் வண்டியை நானே ஓட்டி, நானே வேலை பார்க்கிறேன். 5 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்து முதல் புகாரைப் பதிந்தாயிற்று.

இப்போதைக்கு ஆறு ட்ராயரையும் பழைய டியூபை அறுத்துக் கட்டி ஓட்டுகிறேன். வேக்வம் பம்ப் மறுபடி பெயின்ட் பக்கெட்டுக்கே போய்விட்டது.