நெடுந்தீவுக்குத் தனிப் படகு என்று முற்பணம் கேட்டால் கவனம்

லீவுக்கு யாழ்ப்பாணம் வந்து, பிள்ளைகளோடு ஒருநாள் தீவுப்பக்கம் போய்வர நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வான், சாப்பாடு, வழிகாட்டி, நெடுந்தீவுக்குத் தனிப் படகு எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்று வாட்ஸ்அப்பில் பேசி, முழுக் காசையும் முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். எங்களிடமும் அப்படித்தான் வாங்கினார்கள்.

விடியக் காலை வருவதாகச் சொன்ன வான் ஒன்பதரைக்குத்தான் வந்தது. வேலணை, புங்குடுதீவு தாண்டி, படகேறும் துறையான குறிகட்டுவானுக்குப் போனபோது நெடுந்தீவுப் படகு போய்விட்டது. சரி, தனிப் படகு இருக்கிறதே என்று பார்த்தால், இறங்குதுறையில் ஒருவருக்கும் அப்படியொரு ஏற்பாடு தெரியாது. சாரதி போனில் கதைத்துவிட்டு வந்து, "அண்ணை, இண்டைக்குக் கடல் சரியில்லையாம். நயினாதீவுக்குப் போட்டு வாங்கோ" என்றார். அந்தப் படகுக் காசும் எங்கள் கையால்தான் போனது.

நாகபூசணி அம்மனைக் கும்பிட்டதில் குறையில்லை. ஆனால் நாங்கள் வந்த காரியம் வேறு. நெதர்லாந்தில் வளரும் பிள்ளைகளுக்கு ஒல்லாந்தர் காலத்து மிச்சங்களையும், முருகைக்கல் மதில்களையும், கட்டாக்காலிக் குதிரைகளையும் காட்ட ஆசைப்பட்டோம். அதைவிட, 1985 மே 15 அன்று நெடுந்தீவுப் பயணிகள் படகான குமுதினியில் கொல்லப்பட்டவர்களுக்கு அங்கே இருக்கும் நினைவிடத்தில் ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்று மாமி கேட்டிருந்தார். இனி இவ்வளவு தூரம் வர அவருக்கு உடம்பு இடம்கொடுக்குமோ தெரியாது. இதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். வழிகாட்டி என்று வந்தவர், அதை யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் கட்டியதாகப் பிள்ளைகளுக்குச் சொன்னார்! போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. ஊர் வரலாற்றைப் பிழையாகச் சொல்லிக்கொடுக்கவும் காசு வாங்குகிறார்கள்.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "படகுக்காரருக்குக் கொடுத்தாச்சு" என்றார்கள். அப்புறம் எங்கள் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டார்கள்.

நெடுந்தீவுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். காலைப் படகைத் தவறவிட்டால் சுற்றிப் பார்த்துத் திரும்ப நேரம் காணாது. ஆகவே வானை மட்டும் பேசுங்கள். மிச்சக் காசை வீட்டில் கொண்டுவந்து இறக்கிய பிறகு கொடுங்கள். படகுக் காசை இறங்குதுறையில் நீங்களே கட்டுங்கள். தீவுக்குள் சுற்ற அங்கேயே ஓட்டோ பிடிக்கலாம். தனிப் படகுதான் வேண்டுமென்றால், படகுக்காரரின் நம்பரை வாங்கி முதல்நாள் இரவே அவரோடு நேரடியாகக் கதையுங்கள். நம்பர் தரத் தயங்கினால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.