இடி நடிகருக்காக நிற்குமா? பழைய நாடகமும் மூன்று புதுக் கருவிகளும்

ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில் வரும் புயல் காட்சியை எடுத்துக்கொள்வோம். கிழவர் லியர் வெட்டவெளியில் நின்று காற்றையும் மழையையும் திட்டித் தீர்க்கிறார். ஷேக்ஸ்பியர் காலத்து குளோப் அரங்கில் நாடகங்கள் பகல் வெளிச்சத்தில் நடந்தன. இருட்டும் மழையும் வசனத்தில்தான் வரவேண்டும். இன்றைய இயக்குநருக்கு அதே காட்சியைக் காட்ட மூன்று வழிகள் இருக்கின்றன: பின்னணி வீடியோ, நடிகரின் அசைவை உணர்ந்து திரை உருவத்தை அசைக்கும் மோஷன் கேப்சர், மேடையில் நடப்பதை அப்போதே படம்பிடித்துத் திரையில் காட்டும் நேரடி கேமரா.

அதிகம் கையாளப்படுவது பின்னணி வீடியோ. அதிலும் புரொஜெக்டரா, எல்இடி சுவரா என்று ஒரு கேள்வி உண்டு. புரொஜெக்டர் எதிரிலிருந்து அடித்தால் அரண்மனைத் தூணில் நடிகரின் நிழல் விழும். மேடை விளக்கைக் கூட்டினால் படம் வெளிறிப்போகும். எல்இடி சுவர் எந்த வெளிச்சத்திலும் பளிச்சென்று நிற்கும், ஆனால் அதன் முன்னால் மனித முகம் மங்கித் தெரியும். சரி, இதையெல்லாம் விளக்கு அமைப்பவர் பார்த்துக்கொள்வார். உண்மையான சிக்கல் நேரம். நாற்பதாவது விநாடியில் இடி விழும் என்று வீடியோவில் பதிந்தாகிவிட்டது. அன்றைக்கு லியர் ஒரு வரியின் நடுவே மூச்சு வாங்கி நின்றுவிட்டால் இடி அவருக்காக நிற்காது. அடுத்த நாளிலிருந்து நடிகர் இடிக்குத் தகுந்தபடி பேச ஆரம்பித்துவிடுவார். நாடகம் செத்துப்போவது அங்கேதான். வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, வசனத்தைக் கேட்டு ஒவ்வொன்றாக ஓடவிடலாம். கியூலேப் போன்ற மென்பொருள்கள் அதற்குத்தான் இருக்கின்றன. பாதி நோய் குணமாகும்.

மோஷன் கேப்சரில் இந்தத் தொல்லை இல்லை. 2016-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற பிரிட்டிஷ் நாடகக் குழு, இன்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தைப் போட்டது. ஏரியல் என்ற ஆவியாக நடித்த மார்க் குவார்ட்லி சென்சார் பதித்த உடையில் மேடையிலேயே இருந்தார். அவர் கையைத் தூக்கினால் திரையில் ஆவியும் தூக்கும். எதுவும் முன்கூட்டிப் பதிந்ததல்ல, அதனால் வேகம் நடிகர் கையில். ஆனால் பார்ப்பவருக்கு ஒரே பாத்திரம் இரண்டு உடலில் வருகிறது. எதைப் பார்ப்பது? என் கண் மனிதரிடமே திரும்பும். 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் சாய்ந்த கண்ணாடியில் பேயைக் காட்டியபோதும் ஒரு வேடிக்கை இருந்தது. பேய் பார்வையாளர்களுக்குத்தான் தெரியும், மேடையில் நிற்பவருக்குத் தெரியாது. அவர் குறித்துவைத்த இடத்தைப் பார்த்து நடுங்கவேண்டும். திரை உருவத்தோடு பேசும் இன்றைய நடிகரின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

நேரடி கேமராவுக்குத்தான் என் ஓட்டு. பெல்ஜிய இயக்குநர் இவோ வான் ஹோவ 2007-இல் ஷேக்ஸ்பியரின் மூன்று ரோமானிய நாடகங்களைச் சேர்த்து, ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடும் ஒரே நாடகமாகப் போட்டார். மேடை எங்கும் திரைகள், கேமராக்கள். பார்வையாளர்கள் மேடையேறி சோபாவில் உட்காரலாம். அரசியல்வாதியின் முகத்தைச் செய்தியில் பார்ப்பதுபோல், சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸைப் பார்க்கலாம். பழைய நாடகங்களில் பாத்திரம் தனக்குத்தானே பேசும் தனிமொழிகள் ஏராளம். உதட்டோரத் துடிப்பு கடைசி வரிசைக்கும் எட்டினால் அந்த வசனத்தைக் கத்திச் சொல்லவேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. படம் திரைக்கு வரச் சற்றுத் தாமதித்தாலும் உதடும் குரலும் பிரிந்துவிடும். ஆள் பத்தடியில் நிற்கும்போதும் கூட்டம் திரையைத்தான் பார்க்கும். அப்புறம், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடும் அந்த கேமராமேன்!

திரையரங்கில் நாடகம் காட்டுவது வேறு கணக்கு. நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனின் ஹாம்லெட்டை 1964-இலேயே மேடையில் நடக்கும்போது படம்பிடித்துத் திரையிட்டார்கள். 2009-இல் தொடங்கிய, லண்டன் நேஷனல் தியேட்டரின் திரையரங்க ஒளிபரப்பான நேஷனல் தியேட்டர் லைவ் அதை வழக்கமாக்கியது. அது நாடகத்தைக் கொண்டுசேர்க்கும் வழி, மேடையமைப்பு அல்ல.

புயல் காட்சியை என்னிடம் கொடுத்தால் மழை வீடியோ கிடையாது. ஒரே ஒரு கேமரா. அதையும் லியரின் கோமாளி கையில் கொடுப்பேன். அந்த மழையில் கிழவரை விட்டு நகராமல் கூடவே நிற்பவன் அவன்தானே.