மகாஓயா சுடுதண்ணிக் கிணறும் கல்லோயா படகும்: ஒரு நாள் போய் வந்த கதை

என்ட தங்கச்சி கனடாவில இரிக்கா. போன வருஷம் அவவும் மனிசனும் அமெரிக்காவில யெலோஸ்டோன் பார்க்குக்குப் போய், நிலத்துக்குள்ள இருந்து சுடுதண்ணி பனை உசரத்துக்கு மேல பீறிட்டு அடிக்கிற வீடியோ அனுப்பினவ. அத பாத்ததில இருந்து எனக்கும் ஒரே ஆசை. அவ்வளவு தூரம் நாங்க எங்க போறது, ஆனா இஞ்ச எங்கட பக்கத்திலயே சுடுதண்ணியும் இரிக்கு, தேசியப் பூங்காவும் இரிக்கு, ரெண்டையும் ஒரே நாளில பாக்கலாமெண்டு இவர் சொன்னார், அப்பிடி வெளிக்கிட்டதுதான் இந்தப் பயணம். மட்டக்களப்பில இருந்து போக யோசிக்கிற ஆக்களுக்காக எழுதுறன்.

காலம 5.30க்கு கார்ல வெளிக்கிட்டம். செங்கலடியில கிறுகி பதுளை ரோட்டால கரடியனாறு, புல்லுமலை தாண்டி நேர போனா மகாஓயா. அது அம்பாறை மாவட்டம். ரோட்டு நல்லம், ஆனா இருட்டோட போகாதீங்க, அந்தப் பக்கம் யானை ரோட்டுக்கு வாற இடம். விடிஞ்சாப் பிறகு போனா வழி நெடுக வயலும் காடும் பாக்கவே ஒரு சுகம்.

சுடுதண்ணிக் கிணறு டவுன்ல இருந்து கொஞ்சம் உள்ளுக்க. மொத்தம் 7 கிணறு, எல்லாம் கட்டிவிட்ட சின்னக் கிணறுகள், ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. நான் சின்னப் பிள்ளையா இருக்கக்க திருகோணமலை கன்னியாக்குப் போனனான், ராவணன் தாய்க்குக் கிரியை செய்ததெண்டு சொல்ற அந்த ஏழு கிணறு. அங்க தண்ணி இளஞ்சூடு, தாராளமா தலைக்கு ஊத்தலாம். அந்த நினைப்பில மகாஓயாவில கைய விட்டுராதீங்க! இஞ்ச ஆகக் கூடின சூடுள்ள கிணறு 55 பாகைக்குக் கிட்ட, இலங்கையில இருக்கிற ஊற்றுகளில ஆகச் சூடானதில ஒண்டு. நான் விரல் நுனிய வச்சிட்டு சட்டெண்டு எடுத்திட்டன், இவர் "என்னகா, சுட்டுதா" எண்டு ஓடி வந்து கைய பிடிச்சுப் பாத்தார். முட்டை அவியுமெண்டு சொல்ற ஆக்களும் இரிக்கினம், அது சரியில்ல, வெள்ளைக்கரு இறுகவே 60 பாகைக்கு மேல வேணும். சூடு குறைஞ்ச கிணத்தில வாளியால அள்ளி, கொஞ்சம் ஆறவிட்டு, கால்ல இருந்து மெல்ல மெல்ல மேல ஊத்துங்க. மறுகா உடம்பு பஞ்சு மாதிரி, எனக்கு முழங்கால் நோ இருக்கு, அண்டைக்குப் பின்னேரம் மட்டும் அந்த நோவே தெரியல.

யெலோஸ்டோன் மாதிரி இது ஏன் மேல அடிக்கல்லயெண்டு இவரிட்ட கேட்டன், அவர் ஸ்கூல்ல புவியியல் படிப்பிக்கிறவர். அங்க அடியில எரிமலைச் சூடு, ஒடுக்கமான வழிக்குள்ள தண்ணி அடைபட்டு கொதிச்சு ஆவி தள்ளத்தான் மேல பாயுது, அதத்தான் கீசர் எண்டுற. இஞ்ச எரிமலை இல்ல. மழைத்தண்ணி பாறை வெடிப்பால ஆழத்துக்கு இறங்கி, ஆழம் போகப் போக பூமி சூடுதானே, அந்தச் சூட்டோட திரும்பி மேல ஊறி வருது. அமைதியா வாற தண்ணி. கிணத்தடியில குந்தியிருந்து அந்தக் குமிழி வாறத பாத்துக்கிட்டே இருந்தன், பாறைக்குள்ள எத்தின காலம் கிடந்து வருதோ. அதுக்குள்ள ஷாம்பு பைக்கட்டப் போட்டிட்டுப் போற ஆக்கள நினைக்க வயிறெரியுது. தயவு செய்து சோப், ஷாம்பு கிணத்துக்குக் கிட்ட கொண்டு போகாதீங்க. பொம்பிளயள் மாத்துடுப்பும் பெரிய துவாயும் கட்டாயம் கொண்டு போங்க. 8 மணிக்கு முன்னம் போனா சனமும் குறைவு, வெயிலும் இல்ல.

கட்டிக்கொண்டு போன புட்டையும் மீன் பொரியலையும் அங்கயே மரத்துக்குக் கீழ சாப்பிட்டிட்டு உகணை ரோட்டால அம்பாறை. பகல் சாப்பாடு டவுன்ல ஒரு கடையில. 45 நிமிஷம் காக்க வச்சுத் தந்த சோறு ஆறிப்போய், கறி முழுக்க எண்ணெய். படகுக்குப் போற நேரம் அதால பிந்திப்போச்சு. பகலுக்கும் வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போறதே நல்லம்.

இங்கினியாகலையில கல்லோயா தேசியப் பூங்கா, 1954இல ஆக்கினது. மத்த பார்க்குகளில ஜீப், இஞ்ச படகு. சேனாநாயக்க சமுத்திரத்துக்கு மேலால போகவேணும், இலங்கையில ஆகப் பெரிய குளம் இதுதான். டிக்கட்ட விட படகுக்கு வேறயா ஒரு மொத்தக் காசு கட்டினம், ரெண்டு பேர் மட்டும் போனா அது கொஞ்சம் கூடத்தான். ஆனா லைஃப் ஜாக்கெட் தந்து, யானை எங்க நிக்கும் எப்ப வருமெண்டு எல்லாம் தெரிஞ்ச ஒரு ஐயாவ எங்களோட அனுப்பினாங்க. குளத்துக்கு நடுவில தீவு தீவா தெரியிறதெல்லாம் முந்தி மலையுச்சிகளாம், தண்ணி கட்டினதில மூழ்கி உச்சி மட்டும் வெளிய நிக்குது. நாலரை மணி போல அந்த ஐயா இஞ்சினை நிப்பாட்டிட்டு கைய காட்டினார். தண்ணிக்கு மேல மூணு தும்பிக்கை மட்டும். யானை நீந்தும் எண்டு கேள்விப்பட்டிருக்கன், கண்ணால பாத்தது அண்டைக்குத்தான். ரெண்டு பெரிசுக்கு நடுவில ஒரு குட்டி, ஒரு தீவில இருந்து மத்தத் தீவுக்குப் போகுதுகள். கரையேறினதும் குட்டி வழுக்கி வழுக்கி விழுகுது, தாய் பின்னால நிண்டு தள்ளுது. "அசையாம இரிகா" எண்டு இவர் சொன்னார், எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டு.

அம்மாட ஊர் வீரமுனை, அந்தப் பக்கத்து வயலெல்லாம் இந்தக் குளத்துத் தண்ணியிலதான் விளையுது. எங்கட பழைய ஆக்கள் கல்லோயா எண்டு சொல்லமாட்டாங்க, பட்டிப்பளை ஆறு எண்டுதான் சொல்லுவாங்க. 1949இல தொடங்கின திட்டத்தில அந்த ஆத்தை மறிச்சுத்தான் இவ்வளவு பெரிய குளம். சின்ன வயசில வாய்க்கால்ல குளிச்ச தண்ணி எங்க இருந்து வந்ததெண்டு இப்பதான் பாத்தன்.

மழைக்காலத்தில போகாதீங்க, மார்ச்சில இருந்து ஜூலை மட்டும் நல்லம், தண்ணி வத்த வத்த யானை கரைக்கு வரும். பின்னேரப் படகுக்கு முதல் நாளே ஃபோன் பண்ணிச் சொல்லிப்போடுங்க. வரக்க மகாஓயாப் பக்கத்தால வராம கல்முனையால வந்தம், இருட்டுக்கு அதுதான் பயமில்லாத ரோட்டு, ஒன்பது மணிக்கு வீடு. அடுத்த ஜூலையில அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறம், படகில அவவுக்கு ஒரு இடம் இரிக்கு.