மாவுப்பூச்சிக்கு சோப்புக் கரைசலா, வேப்பெண்ணெயா?

செம்பருத்தித் தொட்டியில் மாவுப்பூச்சி ஏறியபோது ரசாயன மருந்து வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய்க் கரைசல் இரண்டையும் அடித்துப் பார்த்தேன். இப்போது வேப்பெண்ணெய்தான்.

சோப்பு வேகமானது. அசுவினி, மாவுப்பூச்சிக் குஞ்சு போன்றவற்றின் மேல் நேரடியாகப் பட்டால் அன்றைக்கே சாகும். ஆனால் ஈரம் இருக்கும்வரைதான் வேலை. காய்ந்த இலைக்கு வந்து சேரும் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. துணி துவைக்கும் தூளைக் கரைத்து அடித்தால் இலை கருகும், அதைச் செய்யாதீர்கள்.

வேப்பெண்ணெய் நிதானமானது. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவும் விடாது. மறுநாள் போய்ப் பார்த்தால் பூச்சி அப்படியே உட்கார்ந்திருக்கும். பொறுக்கத்தான் வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது முட்டைதான். பெண் பூச்சி கணுக்களில் பஞ்சுப் பை கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அந்தப் பைக்குள் எந்தக் கரைசலும் எளிதில் இறங்காது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் வெளியே வந்து கொழுந்தைத் தேடி ஊரும். சோப்பு மட்டும் என்றால், அவை வரும் நேரத்துக்கெல்லாம் நாம் தெளிப்பானோடு நிற்க வேண்டும். நான் இரண்டு நாளுக்கொரு முறை அடித்தும் கணுக்களில் மறுபடி வெள்ளை பூத்தது. வேப்பெண்ணெய் சில நாளாவது இலையில் தங்கும். பஞ்சுப் பைகளைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை மூன்று வாரம் அடித்தேன். கணுக்கள் பச்சையாகவே நின்றன. தொட்டிச் செடிகளோடு என் அனுபவம் சரி, பெரிய மரங்களுக்கு இதே கணக்கை நான் சொல்லமாட்டேன்.

சோப்பு இதிலும் வேண்டும். 5 மில்லி எண்ணெயில் சில சொட்டுத் திரவ சோப்பை முதலில் கலந்து, அப்புறம் 1 லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குலுக்கினால் பால்போல வெளுக்கும். எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம். அசாடிராக்டினை வெயில் சிதைத்துவிடும், அதனால் மாலையில் அடியுங்கள், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. மிச்சத்தை நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

அடிக்கும் முன் கிளையை உற்றுப் பாருங்கள். வெள்ளை மெழுகு இழைகளோடு, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்ந்து திரிவது பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சிதான் அதற்கு இரை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்தக் கிளையை விட்டுவிடுவேன்.