ஆல்ட்ரெனோஜெஸ்ட்: 18 நாளும் அந்த 5 மில்லியும்

இளம் பெண்பன்றிகளை ஒரே வாரத்தில் பருவத்துக்கு (சினைக்குத் தயாராகும் நிலைக்கு) கொண்டுவர, தீவனத்தோடு கொடுக்கும் ஹார்மோன் மருந்தான ஆல்ட்ரெனோஜெஸ்ட் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: மருந்து சொன்னதைச் செய்யும். மில்லிக்கு 4 மில்லிகிராம் உள்ள எண்ணெய்க் கரைசலில் தினம் 5 மில்லி, 18 நாள். நிறுத்திய ஐந்தாறு நாளில் பெரும்பாலானவை பருவத்துக்கு வரும். ஆண்பன்றியை எதிரே நிறுத்தி முதுகை அழுத்தினால், காதை விறைத்துக்கொண்டு வரிசையாக அசையாமல் நிற்கும்; அதுதான் பருவத்தின் அடையாளம். அந்தக் காட்சிக்கு ஈடே இல்லை.

எரிச்சல் எல்லாம் அந்த 5 மில்லி வயிற்றுக்குள் போகிறதா என்பதில்தான். கூட்டமாக அடைத்த இடத்தில் தீவனத்தின் மேல் ஊற்றிவிட்டு நகர்ந்தால் பக்கத்துப் பன்றி மூக்கை விட்டு நக்கிவிடும். ஒன்றுக்கு இரட்டை டோஸ், இன்னொன்றுக்குப் பட்டினி. மருந்தை அளந்து ஊற்றும் பம்பில் காற்று புகுந்திருந்தால் விசையை முழுக்க அழுத்தினாலும் பாதிதான் வரும். நுனியில் ‘புஸ்’ என்று கேட்டாலோ எண்ணெய் நுரைத்து வந்தாலோ அந்த டோஸ் குறைவு. ஒவ்வொரு நாளும் முதல் அழுத்தத்தை அளவுக்குழாயில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குறைந்தால் பருவம் கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதானே என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இந்த மருந்து, சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மாதிரி, பருவத்தைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பியை அடக்கிவைக்கிறது. அரைகுறையாக அடக்கினால் சினைப்பையில் முட்டை இருக்கும் கொப்புளம் வளரும், வெடிக்காது, நீர்க்கட்டியாகத் தங்கிவிடும். ஒரே பருவத்தில் சினைப்படுத்த வேண்டிய பன்றி, பருவம் தப்பித் தீவனம் தின்றுகொண்டு நிற்கும். மருந்து கொடுக்காமலே இருந்திருந்தால் அது தானாகப் பருவத்துக்கு வந்திருக்கும் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே தனித்தனியாக அடையுங்கள். தொட்டியில் பழைய தீவனம் இருக்கக் கூடாது. ஒரு கைப்பிடித் தீவனத்தில் ஊற்றி, கடைசித் துளி வரை நக்கும்வரை பக்கத்திலேயே நின்று, அப்புறம் மீதியைப் போடுங்கள். தீவனம் மறுக்கும் பன்றியை அந்தக் குழுவிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

ஒரு தடவையாவது பருவம் கண்ட பன்றிக்குத்தான் இது. இன்னும் பருவமே காணாததற்கு 400 யூனிட் பிஎம்எஸ்ஜி, 200 யூனிட் ஹெச்சிஜி என்ற, சினைப்பையைத் தூண்டும் இரண்டு ஹார்மோன்கள் கலந்த ஊசி வேறு இருக்கிறது. பால் குடிக்கும் குட்டிகளை ஒரே நாளில் பிரித்த தாய்ப்பன்றிகளுக்கோ பெரும்பாலும் எதுவுமே வேண்டாம். நான்கு முதல் ஏழு நாளில் அவையே ஒன்றாக வரும்.

கை விஷயத்தில் விளையாட வேண்டாம். எண்ணெய் தோல்வழியே உடம்புக்குள் போகும். லேடெக்ஸ் கையுறை தடுக்காது, நைட்ரைல் போடுங்கள். கர்ப்பிணிகள் புட்டியைத் தொடவே கூடாது.

மருந்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். ஆனால் தனி அடைப்பும், 18 நாளும் நின்று பார்க்க ஓர் ஆளும் இல்லாத பண்ணைக்கு வாங்காதீர்கள்.