கேஸ் நடந்துகொண்டிருந்தது, கேவியட் போய்விட்டது

மலேசியாவில் நிலத் தகராறுக்காக கேவியட் (நிலத்தை விற்கவோ பெயர் மாற்றவோ விடாமல் நிலப் பதிவில் போடும் தடை) போட்டுவிட்டு, "கேஸ் கோர்ட்டில் இருக்கிறது, இனி யாரும் தொட முடியாது" என்று இருப்பவர்கள் இந்த வாரமே நில அலுவலகம் போய் ஒரு சர்ச், அதாவது நிலப் பதிவில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும் தாள், எடுத்துவிடுங்கள். நாங்கள் மூன்று வருஷம் எடுக்கவில்லை. நாலு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) போய்விட்டது.

கோல சிலாங்கூர் பக்கம் 1989-ல் என் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கிய நிலம் அது. பாதிப் பணம் அப்பாவுடையது. அம்மாவின் நகையை விற்றுக் கொடுத்தது. கிராண்டில் (நிலப் பட்டாவில்) பெரியப்பா பெயர் மட்டும். அந்தக் காலத்தில் அண்ணன் தம்பிக்குள் யார் கேட்பார்கள்? அப்பாவிடம் இருந்தது, பணம் வாங்கியதாகப் பெரியப்பா பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு மட்டும். பெரியப்பா இருந்தவரை பழம் வெட்டிய காசில் பாதி மாதாமாதம் வீட்டுக்கு வந்துவிடும். அவர் போனபிறகு நிலம் அவர் மகன் பெயருக்கு மாறியது, காசு நின்றது. அந்த அண்ணனிடம் அப்பா போய்க் கேட்டால், "சித்தப்பா, சீட்டு எல்லாம் கோர்ட்ல காட்டுங்க" என்றார்.

சரி, காட்டுவோம் என்று ஒரு வக்கீலைப் பிடித்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. 2017 மார்ச்சில் தனியார் கேவியட் போட்டார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 19பி பாரம், சத்தியப் பிரமாணப் பத்திரம், சீட்டின் நகல் எல்லாம் வைத்தார். உரிமை உண்மையா பொய்யா என்று நில அலுவலகம் அப்போது விசாரிப்பதில்லை. தாள்கள் ஒழுங்காக இருந்தால் பதிந்துவிடும். 2018-ல் உயர்நீதிமன்றத்தில் வழக்கும் பதிவானது.

அப்பா வக்கீலிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "கேவியட் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"ஆறு வருஷம் அங்கிள். அதுக்குள்ள கேஸே முடிஞ்சிடும்."

தேசிய நிலச் சட்டத்தின் 328-ஆம் பிரிவுப்படி ஆறு வருஷம் என்பது உண்மைதான். அப்பா வீட்டுக்கு வந்ததும் தன் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் 'மார்ச் 2023 கேவியட்' என்று சிவப்புப் பேனாவில் எழுதி வைத்தார். நாங்கள் எல்லாரும் அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே சட்டத்தில் 326 என்று ஒரு பிரிவு இருப்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அது இப்படி வேலை செய்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் ஒரு பாரம் நிரப்பி, கட்டணம் கட்டி, கேவியட்டை நீக்கச் சொல்லி நில அலுவலகத்தில் கேட்கலாம். காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை. நில அலுவலகம் கேவியட் போட்டவருக்கு 19சி என்ற அறிவிப்பை அனுப்பும். அது வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு மாதம். அதற்குள் நாம் கோர்ட்டுக்குப் போய், கேவியட்டை நீட்டித்து உத்தரவு வாங்கி, அந்த உத்தரவை நில அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். இல்லையென்றால் கேவியட் முடிந்தது. நிலத்தின்மேல் வழக்கு நடக்கிறது என்பது இங்கே கணக்கில் வராது. நீட்டிப்பு உத்தரவு தனி, வழக்கு தனி.

அண்ணன் தரப்பு இதைத்தான் செய்தது. நீதிபதி முன்னால் போய்க் கேவியட்டை நீக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும், எதிர்த்துப் பேசியிருப்போம். அவர்கள் கோர்ட் பக்கமே வராமல் நேராக நில அலுவலக கவுண்டருக்குப் போய்விட்டார்கள். 2019 ஆகஸ்டில்.

அறிவிப்பு எங்கே போனது? கேவியட் பாரத்தில் கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி என்று ஓர் இடம் இருக்கிறது. வக்கீல் அதில் தன் ஆபீஸ் முகவரியைப் போட்டிருந்தார். அது கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடி. 2018 கடைசியில் அவர் ஆபீசை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். எங்களுக்கு வாட்ஸ்அப்பில் புது முகவரி வந்தது, தீபாவளி வாழ்த்தோடு சேர்த்து. நில அலுவலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. பதிவுத் தபால் பழைய முகவரிக்கே போயிருக்கிறது. கீழே இருந்த முடிவெட்டும் கடையில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தை நான் பிறகு பார்த்தேன். ஒரே ஒரு கோடு, நடுவில் ஒரு சுழி.

எங்களுக்குத் தெரிய வந்தது 2020 ஜூலையில். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்ததும் அப்பா சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றார். போனால் வழியில் புது இரும்புச் சங்கிலி. உள்ளே இரண்டு பேர் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாருடைய தோட்டம் என்று கேட்டதற்கு, "புது தவுக்கே" (முதலாளி) என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் நில அலுவலகத்தில் சர்ச் எடுத்தேன். கேவியட் பதிவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் 'தியாடா' என்று அச்சாகியிருந்தது. இல்லை. அவ்வளவுதான். உரிமையாளர் இடத்தில் முன்பின் தெரியாத பெயர், ஜனவரியில் மாற்றம். வாங்கியவரைத் திட்டவும் வழியில்லை. அவர் பார்த்தபோது கிராண்ட் சுத்தமாகத்தான் இருந்தது. விலை கொடுத்து, மோசடி எதுவும் இல்லாமல் வாங்கிப் பெயர் பதிந்தவரின் உரிமையை 340-ஆம் பிரிவு கெட்டியாகப் பாதுகாக்கிறது.

வக்கீல் முதலில், "ஸ்டாஃப் மாறிட்டாங்க, அதான் மிஸ் ஆயிடுச்சு" என்றார். நிலத்தை விழுங்கிய ஸ்டாஃப். அப்புறம் சொன்னதுதான் இன்னும் மோசம்: "கவலைப்படாதீங்க அங்கிள், புதுசா இன்னொரு கேவியட் போட்டுடலாம்." அதற்கு 1,500 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். நில அலுவலகம் திருப்பிவிட்டது. 326-ன் கீழ் ஒரு கேவியட்டை நீக்கிவிட்டால், அதே உரிமையைச் சொல்லி அதே நிலத்துக்கு மறுபடி கேவியட் ஏற்கக்கூடாது என்று 329-ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறது. இது எனக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருக்குத் தெரியாதென்றால் நம்பச் சொல்கிறீர்களா? அந்த 1,500 இன்னும் வரவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த வக்கீல் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இன்ஜங்ஷன் எங்கே?" வழக்குப் போட்டபோதே, தீர்ப்பு வரை விற்கக் கூடாது என்று அண்ணனுக்குத் தடை உத்தரவும் கேட்டிருக்க வேண்டுமாம். கேவியட் போனாலும் அது நின்றிருக்கும். எங்கள் ஃபைலில் அப்படி ஒரு மனுவே இல்லை. அவர் கட்சிக்காரர்களுக்கு கேவியட் போடும்போது கடிதம் போகும் முகவரியாக அவர்கள் வீட்டு முகவரியைத்தான் போடுவாராம், "என் ஆபீஸ் மாறும், உங்க வீடு மாறாது" என்றார். மாதம் ஒரு முறை சர்ச் எடுத்துப் பார்க்கவும் சொல்வாராம். கட்டணம் பெரிதில்லை, கிராண்ட் நம்பர் இருந்தால் போதும், வக்கீல் கூட வேண்டாம்.

இதைப் படித்துவிட்டுக் கோபத்தில் எல்லார் நிலத்துக்கும் கேவியட் போடக் கிளம்பிவிடாதீர்கள். கைமாற்றுக் கடன் கொடுத்தவருக்கு அந்தக் கடன் மட்டும் கேவியட் போடும் உரிமையைத் தராது. நிலத்திலேயே உரிமை இருக்க வேண்டும். நியாயமான காரணமில்லாமல் போட்டால் நாம்தான் நஷ்ட ஈடு கட்ட வேண்டிவரும். அதுவும் 329-தான்.

பழைய வக்கீல்மேல் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கவனக்குறைவுக்கு நஷ்ட ஈடு கேட்டுத் தனி வழக்கும் போட்டாயிற்று. அதற்கும் ஆறு வருஷக் கெடு இருக்கிறது, இந்த முறை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கே தொழில் செய்யும் வக்கீல்கள் எல்லாரும் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பதால் ஜெயித்தால் பணம் வரும் என்கிறார் புது வக்கீல். அண்ணன்மேல் இருந்த வழக்கு இப்போது நிலத்துக்கு அல்ல, விற்ற பணத்தில் பாதிக்கு. பழைய ஆபீசிலிருந்து எங்கள் ஒரிஜினல் சீட்டு மட்டும் இன்னும் திரும்பவில்லை. போன் செய்தால், "தேடிக்கிட்டு இருக்கோம்" என்கிறார்கள்.