அகல வீல், ரேஸ் டயர், ஓயாத கல்லடி

போன வாரம் காரை லிஃப்ட்டில் ஏற்றி முன் இடது வீலைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலிருக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவில் ஒரு கல். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. தெருவில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்த அந்தக் கிறீச் சத்தத்துக்கு இதுதான் காரணம். பேரிங் போய்விட்டது என்றார் ஒருவர். காலிப்பர் இறுகிவிட்டது என்றார் இன்னொருவர். மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டுத் தகட்டை லேசாக நெம்பினார். கல் கீழே விழுந்தது, சத்தம் போச்சு. வேலை அவ்வளவுதான். கல் எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீலைப் பார்த்தாலே தெரியுமே.

"அகல வீலும் ரேஸ் டயரும் போடலாமா மச்சான்?" என்று ஒரு நண்பன் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் அதே ஆசையில் இருக்கும் மற்றவர்களுக்கும், கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கார், முதல் தலைமுறை டொயோட்டா 86. கம்பெனியிலிருந்து வரும்போது 17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கிறது என்ற அளவு) +48, அதில் 215/45 டயர், அதாவது 215 மில்லிமீட்டர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம். என் காரில் இப்போது இருப்பது 17க்கு 9, ஆஃப்செட் +42, அதில் 245/40 அளவு செமி ஸ்லிக், அதாவது பள்ளம் குறைந்த, சாலையிலும் ஓட்டக்கூடிய ரேஸ் டயர். டயர் எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நான் கீழே திட்டப்போவதெல்லாம் இந்த இனத்துக்கே உள்ள குணம், ஒரு கம்பெனியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 245/40 போட்டால் வெளிவிட்டம் ஸ்டாக்கைவிட (கம்பெனி கொடுத்ததைவிட) இரண்டரை மில்லிமீட்டர்தான் கூடும். ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ் எதுவும் கவலைப்படாது. 255/40 என்றால் பத்து மில்லிமீட்டருக்கு மேல் ஏறும். கியர் நீளும், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் முன் லைனரில் (சக்கரக் குழியின் உள்பக்கப் பிளாஸ்டிக் மூடியில்) உரசவும் வாய்ப்பு அதிகம். 200 குதிரைத்திறன் காருக்கு 245 தாராளம். "பழைய 7 அங்குல ரிம்மிலேயே 245ஐ ஏற்றிவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றக் கூடாது. இந்த அளவுக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 8 முதல் 9.5 அங்குலம் வரை. ஒடுக்கமான ரிம்மில் டயரின் பக்கச் சுவர் பிதுங்கிக்கொண்டு நிற்கும், வளைவில் துவளும். எதற்காக அகல டயர் வாங்கினீர்களோ அதுவே வீணாகிவிடும்.

ஆஃப்செட் கணக்கை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், என் புலம்பலுக்கு வேர் அதில் இருக்கிறது. பழைய ரிம்மோடு ஒப்பிட்டால் புதிய ரிம் உள்பக்கம் 19 மில்லிமீட்டர் போகிறது, வெளிப்பக்கம் 31 மில்லிமீட்டர் வருகிறது. உள்பக்கம் ஸ்ட்ரட் என்கிற சஸ்பென்ஷன் தூணுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், இடம் இருக்கிறது. வெளிப்பக்கம் ஃபெண்டர் விளிம்போடு டயர் கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது. கம்பெனி அமைப்பில் முன் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம், ஏறக்குறைய பூஜ்யம். அதை இரண்டரை டிகிரி நெகட்டிவ் வைத்த பிறகு டயரின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து ஃபெண்டருக்கும் இடம் கிடைத்தது, வளைவில் வெளித்தோள் மட்டும் தேய்ந்து தீர்வதும் குறைந்தது. கேம்பர் மாற்றாமல் இந்த டயரைப் போடுபவர்கள் தோளை மட்டும் தேய்ப்பதற்குப் பணம் கட்டுகிறார்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. வெளியில் வாங்கும் வீல்கள் பலவற்றில் நடு ஓட்டை 73.1 மி.மீ., வீல் உட்காரும் 86-இன் ஹப் 56.1. நடுவில் வளையம் போட்டே ஆக வேண்டும். பிளாஸ்டிக் வளையம் ரேஸ் டிராக் சூட்டில் இளகிவிடும், அலுமினியமே வாங்குங்கள். அடுத்தது நட். பெயர் டொயோட்டா என்றாலும் கார் பிறந்தது சுபாரு ஆலையில், ஆகவே மரை இடைவெளி 1.25 மி.மீ. மற்ற டொயோட்டாக்களின் 1.5 நட்டைக் கடையில் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். முதல் இரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறும், அப்புறம் போல்ட்டின் மரையைத் தின்றுவிடும். முறுக்கு 120 நியூட்டன் மீட்டர், கார் ஆறிய பிறகு.

இனி புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறேன், இல்லையென்றால் பாவம் சேரும்.

பிரேக். எல்லோரும் வளைவில் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் சொல்லியிருந்தார்கள், பிரேக் இப்படி மாறும் என்று யாரும் சொல்லவில்லை. நேர்பாதையின் கடைசியில் பழைய டயரோடு எந்தப் பலகையைப் பார்த்ததும் மிதிப்பேனோ, அதைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டிப் போய் மிதிக்கிறேன். கார் நிற்கிறது. ஏபிஎஸ் கடகடவென்று குதிப்பதே அபூர்வம். பெல்ட் தோளில் அழுந்தும் அழுத்தத்தை வைத்தே வேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். டயர் இவ்வளவு வாங்கிக்கொள்வதால் சூடெல்லாம் பேடுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதா டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சியதும் அது 155 வரை இறங்கலாம். பழைய ஆயிலோடு இந்த டயரைப் போட்டுக்கொண்டு டிராக்குக்குப் போகாதீர்கள். பெடல் தரையைத் தொடும்.

ஸ்டீயரிங்கும் அப்படித்தான். டயர் அகலமானால் தரையைத் தொடும் பரப்பு அப்படியே பெருகிவிடும் என்று நினைக்கிறோம். பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எடையும் காற்றழுத்தமும்தான். மாறுவது வடிவம். நீளமாக இருந்த தடம் குட்டையாகி அகலமாகிறது. அதனால் டயர் கொஞ்சம் திரும்பினாலே போதும், பக்கவாட்டு விசை கிடைத்துவிடுகிறது. கையில் அது எப்படித் தெரிகிறது என்றால், திருப்பலாம் என்று நினைக்கும்போதே மூக்கு உள்ளே போய்விடுகிறது. ஸ்டாக் டயரில் திருப்பி, காத்திருந்து, பிறகு கார் புரிந்துகொள்ளும். அந்தக் காத்திருப்பு இப்போது இல்லை. லேப் நேரத்தை எழுதினால் டிராக், வெயில், ஓட்டுநர் என்று சண்டை வரும், விட்டுவிடுகிறேன். குறைந்தது, நிறையவே குறைந்தது.

இவ்வளவையும் தருவது டயரின் ரப்பர். சூடான பிறகு நகத்தால் அழுத்தினால் தடம் பதியும் அளவுக்கு மென்மை. பக்கவாட்டில் டிரெட்வேர் (தேய்மானத் தர எண், குறைந்தால் சீக்கிரம் தேயும்) 100 என்று போட்டிருக்கிறது. அமெரிக்கத் தர முறையில் ஒப்பீட்டுக்கான டயருக்கு 100, தினசரி ஓட்டும் டயர்களில் 300, 400 எல்லாம் சாதாரணம். தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எண் என்பதால் கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிட முடியாது, ஆனாலும் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

தார் ரோட்டைப் பிடிக்கும் அந்தப் பசை கல்லை மட்டும் விட்டுவிடுமா?

டிராக்கில் ஓட்டி முடித்து, டயர் சூடாக இருக்கும்போது ஓரத்தில் ஒதுங்கினால் போதும். அங்கே கிடக்கும் பொடிக்கல், மற்ற கார்கள் உதிர்த்த ரப்பர்த் துணுக்கு, எல்லாம் அப்பிக்கொண்டு வரும். மெதுவாக நகரும்போது நான்கு சக்கரமும் தட்டச்சு எந்திரம்போல டக் டக் டக்கென்று அடிக்கும். வேகம் கூடக் கூடத் தாளமும் கூடும். பிறகு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொன்றாக விடுபடும். முன் சக்கரம் எறிவது பிளாஸ்டிக் லைனரில் பட்டு 'டொப்'. பின் சக்கரம் எறிவது லைனர் மூடாத தகட்டில் பட்டு 'டங்'. அந்த 'டங்' நேராகப் பின்மண்டையில் கேட்கும். பக்கத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று பயந்து திரும்பிப் பார்ப்பார். நீங்கள் ஒன்றுமில்லை, கல்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது.

டிராக்கை விடுங்கள். சாதாரண சாலையில், வெயில் அடிக்கும் மதியத்தில், எங்காவது ரோடு போட்டுச் சரளைக் கல் கொட்டியிருந்தால் இதே கச்சேரிதான். மற்ற டயர்கள் கல்லை மிதித்துவிட்டுப் போகும், இவை தத்தெடுத்துக்கொள்ளும். நடுவிலிருக்கும் இரண்டு நீள்வரிப் பள்ளங்களில் சரியாகப் பொருந்துகிற அளவுக் கல் ஒன்று சிக்கினால் தானாக வராது. வண்டியை ஓரம் கட்டி, சாவி முனையால் நோண்டி எடுக்க வேண்டும். பழைய டயரோடு இருந்த வருடங்களில் காரில் பாட்டுக் கேட்டிருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன்.

மேலே சொன்ன 31 மில்லிமீட்டருக்கு இப்போது வருகிறேன். டயர் ஃபெண்டருக்குள் ஒடுங்கி இருந்தவரை எறிந்த கல்லெல்லாம் உள்ளேயே அடிபட்டு விழுந்துவிடும். இப்போது டயர் வெளியே வந்துவிட்டது, கல் பக்கவாட்டில் பறக்கிறது. முன் சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதி, பின் வீல் ஆர்ச்சின் முன்விளிம்பு, இரண்டு இடத்திலும் பெயின்ட் புள்ளி புள்ளியாகப் போய்விட்டது. கிட்டே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் பிரைமர் சாம்பல் நிறத்தில் தெரியும். பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டினேன், இப்போது அந்த ஃபிலிமில் குழி விழுகிறது. மட்ஃப்ளாப் மாட்டலாம், ஆனால் இந்த வீலுக்கு ஏற்ற அகலத்தில் மாட்டினால் காரின் முகவெட்டு போய்விடும். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்பார்கள். ஃபெண்டரோடு சமமாக நிற்கும் அகல வீலைச் சிக்னலில் எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆக, எனக்கு இரண்டும் கிடைக்கிறது.

டயர்மீது குற்றம் சொல்ல முடியாது என்பதும் தெரியும். கல் ஒட்டாத பசை யாரிடமும் இல்லை. வாங்கும்போதே இது தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயம் காதுக்குள் 'டங்' என்று விழும்போது கோபம் வராமல் இருக்காது.

மற்ற தொல்லைகள் எல்லாம் இதன் முன்னால் சின்னவை. லாரிகள் அழுத்திய தடத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும், இரண்டு கையும் வேண்டும். மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் போவது தற்கொலைக்குச் சமம். அகலம் அதிகம், பள்ளம் குறைவு, டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். காலைக் குளிரில் முதல் சில கிலோமீட்டர் ரப்பர் கட்டைபோல இருக்கும். டிராக் நாளில் காற்றழுத்தம் தனி வேலை. வீட்டில் கதவோரம் எழுதியிருக்கும் 35 பிஎஸ்ஐ அங்கே செல்லாது, குறைத்து ஆரம்பித்து, சூடாகி ஏறியதும் இறக்கி, திரும்பும்போது மறுபடி ஏற்ற வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. கல் மட்டும் பழகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நண்பனுக்காகச் சொல்கிறேன். 86-க்கு ஒடுக்கமான, சாதுவான டயரைக் கம்பெனி தெரிந்தேதான் கொடுத்தது. குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்க வேண்டும், ஓட்டுநர் அதைப் பிடித்து விளையாட வேண்டும் என்பதுதான் அந்தக் காரின் சுபாவம். 205 நியூட்டன் மீட்டர் டார்க், அதிலும் 3500, 4000 சுற்றில் டார்க் சற்று இறங்கிவிடும், எல்லோரும் சொல்லும் அந்தப் பள்ளம். அகல டயரோடு மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது என்ன மிதித்தாலும் பின்பக்கம் அசையாது. எஞ்சின் மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும். வழுக்கல் இப்போதும் உண்டு, ஆனால் வேகம் மிக அதிகமான பிறகு, முன்னறிவிப்பு குறைவாக. முன்பு நாற்பதில் சிரிக்க வைத்த கார் இப்போது நூறுக்கு மேல் போனால்தான் பேசுகிறது. சாலையில் நான் நூறில் வளைவதில்லை. அப்படியானால் சாலையில் இந்த டயர் எனக்குக் கொடுப்பது என்ன? கல்.

சரி, தீர்ப்பு. இந்தக் காருக்கு நான் செய்த மாற்றங்களில் டிராக்கில் இவ்வளவு பலன் தந்தது வேறு எதுவும் இல்லை. எக்ஸாஸ்ட், இன்டேக் எல்லாம் சேர்த்து வைத்தாலும் இந்த நான்கு டயர் தந்த பிரேக்கிங்குக்கு ஈடாகாது. ஆனாலும், போடலாமா மச்சான் என்று கேட்டால், வேண்டாம். தினமும் ஓட்டும் ஒரே காரில், ஒரே செட் வீலோடு இருக்கிறாய் என்றால் கண்டிப்பாக வேண்டாம். டிராக்குக்கு மட்டும் தனி செட் வைத்துக்கொண்டு அங்கே போய் மாற்ற முடியும், ஜாக்கியும் டார்க் ரெஞ்ச்சும் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல் இல்லை என்றால் யோசிக்கலாம். அப்போதும் 86-இன் பின் சீட்டில் நான்கு வீலையும் எப்படித் திணிப்பது என்று முதலில் ஒரு தடவை திணித்துப் பார்.

இதைப் படித்துவிட்டு, வெறுத்துப்போய் விற்றுவிடுவான் என்று நினைத்து விலை கேட்டு எழுதுவீர்கள். வீல் விற்பனைக்கு இல்லை. டயர் தேய்ந்துவிட்டது, அதே அளவில் அடுத்த செட் சொல்லியிருக்கிறேன்.